பல் நாற்காலிக்கு மக்ரூன் முட்டு

நான் கட்டிய சரக்கு இடம்விட்டு நகர்ந்தது என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான். நடுக்கடலில் நடந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு மரியாதையாவது இருந்திருக்கும். நடந்தது குரும்பூர் தாண்டி, நாசரேத்துக்கு முன்னால், ஒரு ரயில்வே கேட்டில், காலை பத்து மணி வெயிலில், ஒரு மினி பஸ் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. நகர்ந்த சரக்கின் மேல் நானும் இருந்தேன். அதுவும் மல்லாக்க.

நான் முப்பத்தோரு வருசம் தோணியில் போனவன். தோணி என்றதும் வெளியூர்க்காரர்கள் ஆற்றைக் கடக்கிற ஓடத்தை நினைத்துக்கொள்வார்கள். எங்கள் தூத்துக்குடித் தோணி அப்படி இல்லை. மரத்தில் செய்த கப்பல். பாய் உண்டு, பிறகு எஞ்சினும் வந்தது. கொழும்புக்கு ஓடும், மாலத்தீவுக்கு ஓடும். அதற்குத் தலைவர் தண்டல். தண்டலுக்கு அடுத்து யார் என்று கேட்டால் எல்லாரும் அவரவர் பெயரைச் சொல்வார்கள். நானும் என் பெயரைத்தான் சொல்வேன். ஏனென்றால் சரக்குக் கட்டுகிறவன் நான். (படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் கயிற்றில் நான் போடுகிற முடிச்சுகளை எண்ணச் சொன்னால் எட்டாம் வகுப்புக்காரனும் திணறுவான்.)

ஒருமுறை மாலிக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு போனோம். கூடவே அங்கே ஒரு துணிக்கடைக்காரர் கேட்டிருந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்று. வெங்காயத்தோடு நாலு நாள் கடலில் போனவனுக்குத்தான் தெரியும், இறங்கி ஒரு வாரம் கழித்துச் சட்டையை மோந்தாலும் கண்ணில் தண்ணீர் வரும். என் பெண்சாதி அந்தச் சட்டையை வீட்டுக்குள் விடாமல் முருங்கை மரத்தில் மாட்டி வைத்தாள். அது வேறு கதை. மூன்றாம் நாள் காற்று திரும்பிவிட்டது. தோணி தொட்டில் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. சோற்றுப் பானை போனது. தண்ணீர்ப் பீப்பாய் போனது. தண்டலின் செருப்பில் ஒன்று போனது. கண்ணாடி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. மாலியில் இறக்கியபோது தண்டல் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு, "சூசை கெட்டுனா கெட்டுதாம்லே" என்றார். (சூசை நான். கட்டு என்பது எங்கள் பேச்சில் கெட்டு.)

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் இருபது வருசம் ஊருக்குள் நடமாடினேன். தோணியை விட்டு இறங்கிய பிறகும் கல்யாணப் பந்தலா, லாரியில் பீரோவா, சைக்கிளில் கேஸ் சிலிண்டரா, "சூசை அண்ணாச்சியக் கூப்பிடுங்க" என்பார்கள். கூப்பிடாவிட்டாலும் போய் நிற்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருசத்துக்கு முந்தி நடந்தது. அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. அந்த வயதில் எனக்கு இருந்த தலைக்கனத்தை இன்றைக்கு நினைத்தால், அந்த ஆளை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்கலாம்போல இருக்கிறது.

என் தங்கச்சி செசிலியின் மகள் ரீட்டா பல் டாக்டருக்குப் படித்தாள். படித்து முடித்து மூன்று வருசம் தூத்துக்குடியில் வேறொருவர் கிளினிக்கில் வேலை பார்த்தாள். கட்டிக் கொடுத்தது நாசரேத்தில். அங்கேயே கடைத்தெருவில் ஒரு அறை பிடித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்க நாள் குறித்தாள். தூத்துக்குடியில் ஒரு வயசான பல் டாக்டர் தொழிலை விட்டு மகனோடு போய் இருக்கப் போனார். அவருடைய நாற்காலி இவளுக்குக் கிடைத்தது.

பல் டாக்டர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். தூக்கியிருக்க மாட்டீர்கள். அடியில் ஒரு கனத்த இரும்புத் தட்டு. அதிலிருந்து கழுத்து மாதிரி ஒரு தூண். அதன் மேல் மெத்தை. பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு ஒரு விளக்கு. துப்புவதற்கு வெள்ளைப் பீங்கான் கிண்ணம். ஆறு பேர் சேர்ந்து தூக்கினால்தான் தரையைவிட்டு எழும்பும்.

நாற்காலியைத் தரையில் பதித்து, தண்ணீரும் கரண்டும் கொடுத்து ஓட்டிக் காட்டுவதற்கு மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் வரவேண்டும். அவர் கறாரான ஆள். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் வருவேன், பன்னிரண்டு மணிக்குள் நாற்காலி என் கண் முன்னால் இருக்கவேண்டும், மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், அன்றைக்கு விட்டால் அடுத்து ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே சாயங்காலம் நாலு மணிக்குச் சர்ச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்துத் திறப்பு விழா. ஊரெல்லாம் கார்டு கொடுத்தாயிற்று. ரிட்டையர் ஆன ஒரு தலைமை ஆசிரியை, முதல் நோயாளியாக வருவேன் என்று பல்வலியைப் பத்து நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தார். நாற்காலி போய்ச் சேராவிட்டால் ரீட்டாவுக்கு என்ன பெயர் விழும்? நாற்காலி இல்லாத பல் டாக்டர். முதல் நாளே அந்தப் பெயர் விழுந்தால் அந்த ஊரில் எவன் வந்து வாயைத் திறப்பான்?

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ரீட்டா போன் பண்ணினாள். "மாமா, நாற்காலி ஏத்த வண்டி சொல்லியாச்சு. மூடுன வண்டி. பேக்கிங் பண்ண ஆளுவளும் வாராங்க. நீங்க சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போனாப் போதும்."

"சும்மா வந்து சாப்பிடுததுக்கு நான் என்ன விருந்தாளியா? தாய்மாமன் உசுரோட இருக்கும்போது ஒன் நாற்காலிய எவனோ கொண்டாந்து எறக்குவானா?"

"மாமா, இது சீரு இல்ல. மெஷினு."

"மாமன் கொண்டாந்தா எல்லாம் சீருதான். வண்டிய வேண்டாம்னு சொல்லிரு."

காது குத்துக்குத் தாய்மாமன் என்ன செய்யவேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது. கல்யாணத்துக்கு இருக்கிறது, வீடு மந்திரிப்புக்கும் இருக்கிறது. பல் ஆஸ்பத்திரி திறப்புக்குத் தாய்மாமன் முறை என்ன என்று எங்கள் சொந்தத்தில் யாருக்கும் தெரியாது. அதுவரை யாரும் திறந்ததில்லை. ஆகவே அந்த முறையை நானே உண்டாக்கினேன்: நாற்காலியை மாமன் தன் கையால் கட்டிக் கொண்டுவரவேண்டும். அதோடு இருபது பெட்டி மக்ரூனும் கொண்டுவரவேண்டும். (பல் டாக்டர் திறப்பு விழாவுக்கு இனிப்பா என்று கேட்கக்கூடாது. இனிப்பு இல்லாமல் அந்தத் தொழில் எப்படி நடக்கும்?)

என் பெண்சாதியின் தம்பி தொம்மையிடம் ஒரு டிராக்டரும், அதன் பின்னால் மாட்டுகிற தட்டையான டிரெய்லர் ஒன்றும் இருந்தன. கரையிலிருந்து ஃபைபர் படகுகளை ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றிப்போகிற டிரெய்லர். பக்கப் பலகை கிடையாது. பின் பலகை கிடையாது. முன்பக்கம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புத் தட்டி. தொம்மை அதிகம் பேசாத ஆள். அவனைப் பேசவிடாமல் நான் பேசிவிடுவேன் என்பதும் ஒரு காரணம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நாற்காலியை ஏற்றினோம். டிரெய்லருக்கு நடுவே, முகம் பின்பக்கம் பார்க்க நிறுத்தினோம். தொம்மை டூல்ஸ் பெட்டியிலிருந்து மஞ்சள் நிறத்தில் நாலு வார்களை எடுத்தான். ஒவ்வொன்றின் நடுவிலும் இரும்பில் ஒரு பல் சக்கரம். கைப்பிடியை ஆட்டினால் கடகடவென்று இறுகும்.

"அத்தான், நாலு மூலைக்கும் நாலு பெல்ட்டு போட்டு இழுத்துரட்டா?"

"ஏலே, இது சரக்குக் கெட்டுத வாரா, பள்ளிக்கொடத்துப் பைக்குப் போடுத வாரா?"

"ஃபைபர் போட்டையே நிறுத்துது அத்தான்."

"போட்டுக்கு அது போதும்லே. இது டாக்டரு சாமான். எடுத்து உள்ள வையி."

அவன் உள்ளே வைத்தான். என் அருமையான நார்க்கயிறுகளை நான் வெளியே எடுத்தேன்.

தோணி ஆடும்போது பெரும்பாலும் பக்கவாட்டில்தான் ஆடும். அதனால் தனிச் சரக்கைக் கட்டும்போது இடது விலாவிலிருந்து வலது விலாவுக்குக் கயிறு போகும். முன்னுக்கும் பின்னுக்கும் கயிறு தேவைப்படாது. அங்கே சரக்கைச் சரக்கே தாங்கிக்கொள்ளும். நடுவில் இடைவெளி இருந்தால் கைக்குக் கிடைத்த சின்னச் சரக்கைத் திணித்து முட்டுக் கொடுத்துவிடவேண்டும். முப்பத்தோரு வருசம் என் கை அப்படித்தான் பழகியிருந்தது. நான் நாற்காலியைக் கட்டினேன் என்று சொல்வதைவிட என் கை கட்டியது, நான் பக்கத்தில் நின்று மெச்சிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு எட்டுக் கயிறு போட்டேன். தூணைச் சுற்றி நாலு, கைப்பிடிகளில் நாலு. பிறகு தொம்மையைக் கூப்பிட்டேன்.

"தள்ளுலே."

இந்தப் பக்கம் நின்று தள்ளினான். அந்தப் பக்கம் போய்த் தள்ளினான். அசையவில்லை.

"முன்ன பின்னயும் தள்ளிப் பாத்துரட்டா அத்தான்?"

"அங்கன ஏன்லே தள்ளுத? அதுக்குத்தான முட்டு இருக்கு."

முன் தட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி இருந்தது. அதில் இருபது மக்ரூன் பெட்டிகளையும் இடைவெளி தெரியாமல் அடுக்கித் திணித்திருந்தேன். தோணியில் பருத்திப் பொதியைத் திணிப்போம், மிளகாய் மூட்டையைத் திணிப்போம். அந்த ஞாபகம். மக்ரூன் என்பது முட்டை வெள்ளையை அடித்து நுரையாக்கிச் சீனியும் முந்திரியும் சேர்த்துச் சுட்ட பண்டம். முக்கால்வாசி காற்று. இது தூத்துக்குடியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பெட்டியைப் பார்த்தபோது பெட்டி தெரிந்ததே தவிர உள்ளே இருப்பது தெரியவில்லை.

பின்பக்கம் ஒன்றும் வைக்கவில்லை. பின்னால் நகர்வதற்கு நாற்காலிக்கு என்ன வேலை என்று நினைத்தேன்.

கடைசியாக இரண்டு வாளி தண்ணீரை எடுத்துக் கயிறுகள் மேல் ஊற்றினேன். நார்க்கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும். தோணிக்காரன் அத்தனை பேருக்கும் தெரிந்த வித்தை. கயிறுகள் முறுக்கேறி, தட்டினால் தம்புரா மாதிரி சத்தம் கொடுத்தன. கடலில் கயிறு காயவே காயாது, சாலையில் காயும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

"நீங்க எங்க அத்தான் இருக்கிய? மட்காட்டுல ஏறிக்கிடுங்க," என்றான் தொம்மை.

"கயிற ஒரு ஆளு பாத்துக்கிட்டே வரணும்லே. நான் பின்னால இருக்கேன்," என்று சொல்லி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். கயிற்றைப் பார்ப்பதெல்லாம் சாக்கு. அந்த மெத்தையைப் பார்த்ததிலிருந்தே எனக்கு அதன் மேல் ஒரு ஆசை.

அந்தப் பயணத்தின் முதல் பாதியை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். டிராக்டர் வேகத்தில், சாய்ந்துகொண்டு, பின்பக்கம் பார்த்தபடி, ஊர்களெல்லாம் என்னைவிட்டு மெதுவாக விலகிப்போவதைப் பார்ப்பது எவ்வளவு சுகம் தெரியுமா? பாத்திமா மாதா சப்பரத்தில் போகிறபோது அவளுக்கு இப்படித்தான் தெரியும்போல என்று நினைத்துக்கொண்டேன். முக்காணிப் பாலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை காட்டினார்கள். நானும் பிஷப் மாதிரிக் கையை உயர்த்திக் காட்டினேன்.

பைக்கில் போகிற ஒருவர் பின்னாலேயே வந்து கேட்டார். "அண்ணாச்சி, இது பல்லுக்கு நடமாடும் வண்டியா? எங்க தெருவுக்கு எப்ப வரும்?"

ஆத்தூரில் டீ குடிக்க நிறுத்தினோம். வெற்றிலைக் கவுளி விற்கிற ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, பல்லு புடுங்க ஆஸ்பத்திரிக்கு நடக்க முடியாம ஆஸ்பத்திரியவே கூட்டிட்டுப் போறியளா?"

"என் மருமவ டாக்டரு. அவளுக்குச் சீரு கொண்டு போறேன்."

"அப்படியா? எங்க மாமன் எனக்கு ஒரு குத்துவிளக்குதான் தந்தாரு. ஒங்க மருமவ குடுத்து வச்சவ." பிறகு வண்டியைச் சுற்றிவந்து, "கயிறு தொங்குதே அண்ணாச்சி?" என்றாள்.

அதையேதான் தொம்மையும் சொன்னான். "ஆமா அத்தான். தொங்குத மாதிரிதான் இருக்கு."

"தொங்கலலே. மூச்சு விடுது," என்றேன்.

இப்படி ஒரு பதிலை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

குரும்பூர் தாண்டினோம். வெயில் ஏறிவிட்டது. கயிறுகள் பொரிகடலை மாதிரிக் காய்ந்துவிட்டன. எனக்குக் கண் சொக்கியது. முன்னால் போன மினி பஸ், ரயில்வே கேட் விழுவதைப் பார்த்துச் சட்டென்று நின்றது. தொம்மை பிரேக்கை அமுக்கினான்.

டிராக்டர் நின்றது. டிரெய்லர் நின்றது. நாற்காலி நிற்கவில்லை.

இரண்டு முழம் தூரம் நான் முதுகுப்பக்கமாகப் போனேன். ஆயிரம் அப்பளத்தை ஒரே நேரத்தில் ஒரு யானை மிதித்தால் என்ன சத்தம் வருமோ அந்தச் சத்தம் வந்தது. பிறகு ஒரு வெள்ளைப் புகை. நான், நாற்காலி, தொம்மையின் முதுகு எல்லாம் வெள்ளை. நாற்காலி தட்டிக்கு நாலு விரல் முன்னால் நின்றிருந்தது. மக்ரூன் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது. அந்த நிலைமையிலும் நான் கத்தினேன்: "பாத்தியாலே! முட்டு தாங்கிட்டு!"

வாயை அத்தோடு மூடியிருக்கலாம். மூடவில்லை. அதற்குள் மினி பஸ் கேட்டை ஒட்டி இன்னும் பத்தடி நகர்ந்தது. தொம்மை திரும்பிப் பார்க்காமல் கிளட்சை விட்டான். கேட்டுக்கு ஏறுகிற இடம் மேடு. டிராக்டர் வெட்டி இழுத்தது. நாற்காலி இப்போது வந்த வழியே திரும்பிப் போனது. மக்ரூன் பொடி அதற்கு நல்ல வழுவழுப்பான பாதை போட்டுக் கொடுத்திருந்தது. டிரெய்லரின் நடுவைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. இரும்புத் தட்டின் பாதி விளிம்பைவிட்டு வெளியே போனபோது, தளர்ந்து கிடந்த எட்டுக் கயிறுகளும் திடீரென்று தங்கள் கடமையை நினைத்துக்கொண்டு தூணை இழுத்துப் பிடித்தன. நாற்காலி ரோட்டுப் பக்கமாகக் கவிழப் பார்த்து, கயிற்றில் துள்ளி, முதுகுப்பக்கமாக அடித்துச் சாய்ந்தது. முதுகுப் பலகையின் பிடி விட்டுப்போய் நான் தலை கீழே, கால் மேலே. நீட்டிக்கொண்டிருந்த விளக்கு சுற்றிவந்து என் வாயில் ஒன்று வைத்தது.

வாய்க்குள் ஏதோ உருண்டது. மக்ரூனில் கிடந்த முந்திரி என்று நினைத்துக் கடித்துப் பார்த்தேன். முந்திரி இல்லை.

கேட் மூடியிருந்ததால் யாரும் எங்கேயும் போக முடியாது. மினி பஸ் மொத்தமும் இறங்கி வந்து என்னைச் சுற்றி நின்றது.

"சேசுவே, ஆளு உசுரோட இருக்காரா?"

"இருக்காரு. கண்ணு முழிக்குதுல்லா."

"ஏன் வெள்ளையா இருக்காரு?"

ஒரு பெண் என் தோளில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள். "ஏளா, மக்ரூனு!"

அந்தச் சமயத்தில் திருச்செந்தூர் ரயில் மெதுவாகக் கடந்தது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள். அவர்களுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன்? வெள்ளை வெளேரென்று ஒரு ஆள், பல் நாற்காலியில் தலைகீழாக, வாயில் ரத்தத்தோடு, சுற்றிலும் கூட்டம். ஒரு பெட்டியிலிருந்து யாரோ கும்பிட்டார்கள்.

எங்களுக்குப் பின்னால் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்தார். கைலியை மடித்துக் கட்டிய, நிதானமான மனுசன். என்னைப் பார்க்கவில்லை. கயிறுகளைத்தான் பார்த்தார்.

"யாரு கெட்டுனது?"

தொம்மை வானத்தைப் பார்த்தான். அவன் நல்லவன்.

"நான்தான்," என்றேன் கீழிருந்து.

"எல்லாக் கயிறும் குறுக்கயே போவுதே அண்ணாச்சி. முன்ன பின்ன புடிக்கதுக்கு ஒண்ணு கூட இல்லயே?"

"நான் தோணிக்காரன். தோணியில இப்படித்தான் கெட்டுவோம்."

அவர் யோசித்தார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "சரி. கடல்ல பிரேக்கு புடிப்பியளா அண்ணாச்சி?"

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வெட்கத்தால் இல்லை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அந்தக் கேள்வியை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோரு வருசத்தில் ஓடுகிற தோணியை ஒருநாளாவது சட்டென்று நிறுத்தியிருக்கிறோமா? பாயை இறக்குவோம். பிறகு பீடி பற்ற வைப்போம். பீடி முடியும். தோணி இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கும். கடலில் பிரேக் கிடையாது! இவ்வளவு பெரிய விஷயம் என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தும் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. ரத்தம் தலைக்கு இறங்கியதால் யோசனை நன்றாக ஓடியது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மினி பஸ் ஆட்களும் லாரி ஆட்களுமாகச் சேர்ந்து என்னை இறக்கி, நாற்காலியை நிமிர்த்தி நடுவில் வைத்தார்கள். பீங்கான் கிண்ணம் மூன்று துண்டு. மற்றபடி மெத்தையில் ஒரு கீறல், அவ்வளவுதான். தொம்மை பெட்டியைத் திறந்து மஞ்சள் வார்களை எடுத்தான். நான் வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு வார் முன் மூலைகளுக்கு, இரண்டு வார் பின் மூலைகளுக்கு, எல்லாம் சாய்வாக. முன்னாலும் போகவிடாது, பின்னாலும் விடாது, பக்கத்திலும் விடாது. நாலே நாலு!

"ஏலே, ஏன் தரையோட போடுத? மேல மெத்தையச் சுத்திப் போட்டா என்ன?"

"மேல போட்டா மெத்த அமுங்கும், வாரு தொளதொளன்னு ஆயிரும் அத்தான். அடித் தட்டப் புடிக்கணும்."

"சரி. இப்ப போவமா?"

"போவோம். ஒரு மைலு போயி நிறுத்தி இன்னொருக்க இறுக்கணும். சாமான் குலுங்கி எடம் புடிக்கும்லா, அப்ப வாரு தளரும்."

இவ்வளவும் தெரிந்த ஆளைத்தான் நான் காலையில் வாயைத் திறக்கவிடவில்லை. கேட் திறந்தது. நான் மட்காட்டில் ஏறிக்கொண்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு நாசரேத் போய்ச் சேர்ந்தோம். மெக்கானிக் வாசலில் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரீட்டா படியில் நின்றாள். அவள் கண் முதலில் நாற்காலிக்குத்தான் போகும், போகவேண்டும், மூன்று வருசம் காத்திருந்த பிள்ளை. போகவில்லை. நேரே என்னிடம் வந்து தாடையைப் பிடித்தாள்.

"மாமா, ஆ காட்டுங்க."

காட்டினேன்.

"பல்லு எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அழப்போகிறாளோ என்று பயந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிப்போனாள். உள்ளேயிருந்து அவளும் செசிலியும் சிரிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

மெக்கானிக் இரண்டரை மணிக்கு வேலையை முடித்தார். தரையில் ஓட்டை போட்டு நாலு போல்ட்டு. மாட்டி முடித்ததும் ஒரு கையால் நாற்காலியை நாலு பக்கமும் தள்ளிப் பார்த்தார். (நாலு பக்கமும்! நான் கவனித்தேன்.) பீங்கான் கிண்ணத்துக்குப் பதிலாகப் பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு எவர்சில்வர் சட்டி வந்தது.

நாலு மணிக்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். ஊர் திரண்டிருந்தது. இனிப்புக் கொடுக்கவேண்டுமே? செசிலி மக்ரூன் பொடியைப் பேப்பர் கப்பில் அள்ளி, ஆளுக்கு ஒரு ஸ்பூன் போட்டுக் கொடுத்தாள். தலைமை ஆசிரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு நிஜமான பாராட்டோடு சொன்னார்: "பல் இல்லாதவங்களும் சாப்பிடணும்னு பொடிச்சே வச்சிருக்கீங்களே டாக்டர். இந்த மாதிரி யோசனை எல்லாருக்கும் வராது."

ரீட்டா அவரிடம் மெதுவாக எதையோ சொல்லி மன்னிப்புக் கேட்டாள். முதல் நோயாளியாகப் படுக்கவேண்டியவர் அவர். படுத்தது நான். உடைந்த பல்லின் வேர் உள்ளே நின்றுகொண்டிருந்தது, அதை எடுக்கவேண்டியிருந்தது. வலி இல்லாமல்தான் எடுத்தாள். கெட்டிக்காரி. வாசலில் நின்று எட்டிப் பார்த்த கூட்டத்துக்கு அது தெரிந்துபோனது. மறுநாள் காலையில் பதினோரு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்களாம்.

அன்றைக்குச் சாயங்காலம் செசிலி சொன்ன வார்த்தைதான் சொந்தத்தில் பரவியது. "சீரு கொண்டாந்த தாய்மாமன் ஊருல ஆயிரம் உண்டு. சீரோட மொத நோயாளியவும் சேத்துக் கொண்டாந்தது எங்க அண்ணன் ஒருத்தந்தான்."

எனக்கு அதன் பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. துறைமுக கேட்டுக்குப் போய் உள்ளே நுழைகிற லாரிகளையும் டிரெய்லர்களையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். காற்றாலை இறக்கை எப்படிக் கட்டியிருக்கிறது, இரும்புச் சுருள் எப்படிக் கட்டியிருக்கிறது, சின்ன வண்டியில் ஜெனரேட்டர் எப்படி என்று டிரைவர்களைக் கேட்பேன். ஒருவர் சொன்னார், "முன்ன பின்ன பக்கவாட்டு மட்டுமில்ல பெரியவரே, பள்ளத்துல விழுந்தா மேலயும் எழும்பும், அதயும் அமுக்கணும்." இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சரக்குக்கு இத்தனை பக்கம் ஓட ஆசையா! அறுபத்தாறு வயதுவரை ஒரே ஒரு ஆசையைத்தான் நான் கட்டிப்போட்டிருக்கிறேன்.

இப்போது ரீட்டாவின் கிளினிக்கில் உட்கார இடம் கிடைக்காது. நாசரேத் போகும்போது நானும் வெளியே பெஞ்சில் இருப்பேன். உள்ளே யாராவது பயந்து நடுங்குவது கேட்கும். நாற்காலி தானாகப் பின்னால் சாயும்போது, "ஐயோ, விழுந்துருமா டாக்டர்?" என்பார்கள்.

"விழாது. தைரியமாப் படுங்க," என்பாள் ரீட்டா. "தரையில நாலு போல்ட்டு போட்டு முறுக்கியிருக்கு. எங்க மாமா கெட்டல."

ஊருக்கே கதை தெரியும். பயந்துகொண்டிருந்த ஆள் வாய்விட்டுச் சிரிப்பார். அப்படிச் சிரிக்க வாயைத் திறக்கிற நேரம் பார்த்துத்தான் அவள் மரப்பு ஊசியைப் போடுகிறாள்.